உப்பில்லாக் கஞ்சி

இரண்டு அண்டா நிறையக் கஞ்சி ஆவி பறக்க நின்றது. குடிக்க வந்தது ஒரு நாய்தான். அதையும் கூடமாட வேலை பார்க்க வந்த சந்திரம்மா விறகுக் கட்டையைத் தூக்கிக் காட்டி விரட்டிவிட்டாள்.

"அத ஏன்டி தொரத்துற? இந்த ஊர்ல பசின்னு ஒத்துக்கினது அது ஒண்ணுதான்" என்றாள் பொன்னியம்மாள்.

அகப்பையை அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். சத்தம் இலுப்பைக் கண்டிகை ஊர் முழுவதும் கேட்டிருக்கும். ஒரு கதவும் திறக்கவில்லை. நடவு நாளில் ஊர்ப் பெண்களை எல்லாம் விடியுமுன்னே கிளப்பி வயலில் இறக்குகிறவள் அவள். அவள் ஒரு குரல் கொடுத்தால் பிள்ளைக்குப் பால் கொடுப்பவளும் எழுந்து வருவாள். அந்தக் குரலுக்கு இன்று மரியாதை இல்லை.

ஆந்திர ராஜ்ஜியம் பிறந்து மூன்றாவது கார்த்திகை அது. தமிழ் பேசும் இந்த ஊரும் அந்த ராஜ்ஜியத்துக்குள்தான் விழுந்திருந்தது. பழவேற்காட்டுப் பக்கம் கரையேறிய புயல், ஓட்டையும் ஓலையையும் பிய்த்து எறிந்துகொண்டே பிச்சாட்டூர் வரைக்கும் வந்து, மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. கதிர் வாங்கிய சம்பா தண்ணீருக்குள் படுத்தது. வீடுகளில் தொடையளவு வெள்ளம். குதிர் நெல்லெல்லாம் ஊறி, உப்பி, முளைவிட்டுவிட்டது. எல்லாவற்றையும் தூக்கி அடிப்பதுபோல ஏரிக்கரை உடைந்தது. இரண்டு மாட்டு வண்டி சேர்ந்தாற்போல் போகலாம், அவ்வளவு அகலம்.

ஏரியில் இன்னும் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதுவும் உடைப்பு வழியே சளசளவென்று ஆரணி ஆற்றைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அடைத்துவிட்டால் நவரைப் பட்டம் ஒன்று நட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். அடைக்காவிட்டால் நவரையும் இல்லை, கோடையில் மாட்டுக்குக் காட்டத் தண்ணீரும் இல்லை. இதற்குள் இன்னொரு பெருமழை பிடித்தால் கேட்கவே வேண்டாம், மிச்சக் கரையையும் சுருட்டிக்கொண்டு போய்விடும். பொன்னியம்மாளின் ஒரே ஒரு ஏக்கர், உடைப்புக்கு நேர் கீழே, மணல் மூடிக் கிடந்தது. புருஷன் போன பிறகு அவள் தனியாக உழுது பயிரிட்டு நின்ற நிலம் அது.

மண் வெட்டிச் சுமக்க ஊரே வேண்டும். வெறும் வயிற்றோடு எவன் மண் சுமப்பான்? அதனால்தான் இடுப்பளவு ஆற்றைக் கடந்து பிச்சாட்டூர் முகாமுக்குப் போய், அங்கே கூடியிருந்த பத்து ஊர் ஜனத்தை முட்டித் தள்ளி, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று அவள் சொன்னாள்: "எங்க ஊர்ல கஞ்சித் தொட்டி வைங்க. கரைய நாங்களே கட்டிக்கிறோம்."

அந்த வாக்கை நம்பி அரிசி வந்தது, அண்டா வந்தது, உப்பு மூட்டைகூட வந்தது. ஆள்தான் வரவில்லை.

ஜீப் வந்து நின்றது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சிட்டிபாபு இறங்கினார். சித்தூர்க்காரர், தெலுங்கர். முப்பது வயது இருக்கும். புயல் அடித்ததிலிருந்து மாற்றாத சட்டை. கண்ணில் தூக்கம் தொங்கியது.

"ஏமம்மா, எவரூ ராலேதா? நேத்தும் யாரும் வரல, இன்னிக்கும் வரலையா?"

"வருவாங்க சாமி."

"எப்போ? கஞ்சி ஆறிப் போயி கல்லாகுது. அங்க சத்தியவேடு ரோட்டுல ஒரு ஊரே வெறும் வயித்தோட உக்காந்துகினு இருக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். யாரும் வரலேன்னா அண்டாவ தூக்கி லாரில ஏத்திடுவேன். தப்பா நினைக்காதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பொன்னியம்மாளுக்குச் சுருக்கென்றது. கோபக்காரனோடு சண்டை போடலாம். நியாயம் பேசுகிறவனோடு என்ன செய்வது?

"நாளைக்கு மத்தியானம் வந்து பாருங்க. உங்களுக்குக் குடிக்க ஒரு கரண்டி மிஞ்சினா என் பேர மாத்திக்கிறேன்" என்றாள்.

ஜீப் போனதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே தன் கொழுந்தன் கோவர்த்தனன் வீட்டுக்கு நடந்தாள். ஊரில் ஒரு வேலை நடக்கவில்லை என்றால் அதன் நூல் அவன் கையில்தான் இருக்கும். 'எங்களை மெட்ராசோடு சேர்' என்று ஊர்கூடி மனுப் போட்டபோது முன்னால் நின்றவன் அவன். எல்லை பிரிக்கிற பெரிய அதிகாரி இந்தப் பக்கம் வரப்போகிறார் என்று பேச்சு வந்ததிலிருந்து, தோளில் போட்ட துண்டை அவன் கீழே வைக்கவே இல்லை.

கோவர்த்தனன் வீட்டில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு முறத்தில் முளைவிட்ட நெல்லை வறுத்துக் குத்திய அவல். அழுகல் வாடை மூக்கைத் துளைத்தது.

"விருந்து பலமா இருக்குதே" என்றாள் பொன்னியம்மாள்.

"வாங்க அண்ணி" என்றான் கோவர்த்தனன், முறத்தைப் பின்னால் தள்ளிவிட்டு.

"வர்றது இருக்கட்டும். அங்க கஞ்சி கொதிச்சிக்கினு இருக்குது, நீங்க இங்க மாடுகூட மோந்து பாக்காதத துன்னுக்கினு இருக்கீங்க. இன்னாடா கதை?"

ஊரின் வாயாடி பச்சையப்பன்கூடக் கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோவர்த்தனன்தான் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணி, நாம மெட்ராசுக்குப் போவணும்னு மனு குடுத்திருக்கோம்."

"குடுத்தோம். நானுந்தான் கைநாட்டு வெச்சேன்."

"நாளப்பின்ன எல்லைக்கார ஆபீசரு வருவாரு. 'நாங்க இவங்ககிட்ட இருக்கமாட்டோம்'னு அவர் முன்னாடி சொல்லணும். இவங்க உப்ப துன்னுட்டு அத எந்த வாயால சொல்றது? உப்பிட்டவர உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? துன்னுட்டு மாறினா ஊருக்கே அது ரெண்டகம் அண்ணி. நம்ம புள்ளைங்க தலைல விடியும்."

பொன்னியம்மாள் அவனையே பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அடுப்பங்கரையில் அவன் பெண்டாட்டி புகையாத அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பசியோடு மானத்தையும் தூக்கிச் சுமக்கிறான் முட்டாள் என்று நினைத்தாள். அதே நேரம், மாமியார் வீட்டில் சாப்பிட்ட சோற்றுக்கு நன்றியாக மாமியாரைப் பதினைந்து வருஷம் பொறுத்துக்கொண்டவள் அவள். அவன் சொல்வதில் இருந்த கனமும் அவளுக்குத் தெரிந்தது. இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 'சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்றால் ஒருத்தன் எழுந்து வரமாட்டான்.

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லு" என்று எதிரே உட்கார்ந்தாள். "கஞ்சிக்குத் தண்ணி யாருது?"

"நம்ம கிணத்துது."

"விறகு?"

"புயல்ல வுழுந்த நம்ம இலுப்ப மரம்."

"பொங்கறது யாரு?"

"நீங்கதான்."

"அரிசி?"

கோவர்த்தனன் தயங்கினான். "அரிசி அவங்களுது."

"அரிசி போட்டவர உள்ளளவும் நினைன்னு எவனாச்சும் சொல்லி வெச்சிருக்கானாடா?"

சுவரோரத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பச்சையப்பன்தான். "அண்ணி கேக்கறது சரிதான். அரிசின்னு சொல்லல. உப்புன்னுதான் சொல்லியிருக்கு."

"சொல்லியிருக்குல்ல? கட்டுப்படுத்தறது உப்புதானே? அந்த உப்ப நாளைக்கு நான் அண்டாவுல போடல. ஒரு கல்லு போடல. வெறும் கஞ்சி. அவங்கவங்க உப்ப அவங்கவங்க கொண்டாங்க, போட்டுக் கலக்கிக் குடிங்க. அப்ப யார் உப்ப துன்ன?"

"என் உப்ப" என்றான் பச்சையப்பன்.

"அப்ப உன்ன நீயே உள்ளளவும் நினைச்சிக்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கோவர்த்தனன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டின் நுனியை முறுக்கியபடி, சட்ட நுணுக்கம் பார்க்கிற வக்கீலைப்போல யோசித்தான். சமையலறைப் பக்கமிருந்து அவன் பெண்டாட்டி செருமினாள். அந்தச் செருமலில் என்ன இருந்ததோ, அவன் தலை ஆடியது.

"வர்றோம் அண்ணி. ஆனா ஒரு கல்லு உப்பு அண்டாவுல வுழுந்தாலும் தொடமாட்டோம்."

"வுழுந்தா நானே அண்டாவ கவுக்கறேன்" என்று எழுந்தாள்.

மறுநாள் காலையில் பொன்னியம்மாளும் சந்திரம்மாவும் உலை வைத்தார்கள். உப்பு மூட்டையை அடுப்புக்கு எட்டாத தூரத்தில் இழுத்துப் போட்டு, வாயைக் கட்டி, அதன்மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள் பொன்னியம்மாள். அரிசி குழைந்து வருகிற நேரம், சொன்னதற்கு முன்னாலேயே ஜீப் வந்துவிட்டது.

சிட்டிபாபு நேரே அண்டாவுக்கு வந்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி வாயில் விட்டார். முகம் சுருங்கியது.

"ஏமிதி? உப்பு போடலையா? இப்படி இருந்தா எவன் வருவான்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு உங்க பக்கந்தானே சொல்வீங்க?"

கல்லைத் தள்ளி, கட்டை அவிழ்த்து, இரண்டு கை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு வந்தார். பொன்னியம்மாள் குறுக்கே பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். சந்திரம்மா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சர்க்கார் அதிகாரியின் கையைப் பிடிப்பதாவது!

"போடாதீங்க சாமி. போட்டா ஒருத்தன் வரமாட்டான்."

"ஏன்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வைத்தியர் சொன்னார், விரதம் என்று எதையாவது சொல்லலாம். ஆனால் அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்ததும் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள். மனுவையும் சொன்னாள், எல்லைக்கார அதிகாரியையும் சொன்னாள், கொழுந்தன் சொன்ன பழமொழியையும் சொன்னாள்.

சிட்டிபாபுவின் காது மடல் சிவந்தது. "அப்போ எங்க உப்பு விஷமா? புயல்ல நான் வீட்டுக்குப் போயி ஒரு வாரமாச்சு. ஜனம் சாகக்கூடாதுன்னு அலையறேன். எங்க உப்பு ஆகாதா?"

"விஷம்னு யாரு சொன்னாங்க? உங்க உப்புக்கு அவங்க மருவாதி குடுக்கறாங்க சாமி. மருவாதி இல்லாதவன் எவன் உப்பையும் நக்கிட்டு, வாயத் தொடச்சிக்கினு போயிடுவான். துன்னா கட்டுப்படணுமேன்னு பயந்துதான் பட்டினி கெடக்கறாங்க."

சிட்டிபாபு உள்ளங்கையில் இருந்த உப்பைப் பார்த்தார். ஈரத்தில் அது கசிந்து விரலிடுக்கில் ஒட்டியது.

"எங்க பக்கமும் ஒண்ணு சொல்வாங்க" என்றார் மெதுவாக. "தின்னிண்டி வாசாலு லெக்க பெட்டகூடாதுன்னு."

"துன்ன வீட்டுக் கூரை வாரைய எண்ணக்கூடாது, சோறு போட்டவங்களுக்கு ரெண்டகம் பண்ணக்கூடாது. தெரியும் சாமி. எங்க சம்பந்தி வீடு காளஹஸ்தி."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் சிட்டிபாபு. உப்பைத் திரும்பக் கொண்டுபோய் மூட்டையில் கொட்டினார். கையைத் தட்டிக்கொண்டே, "அப்போ இந்த மூட்டைய நான் என்ன செய்யறது?" என்றார்.

"மாட்டுக்குப் போடலாம். அதுங்க எந்த ராஜ்ஜியத்துக்கும் மனுப் போடல."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குள் தெருவில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. ஒரு வீட்டுக் கதவு, அப்புறம் இன்னொன்று. கோவர்த்தனன் முன்னால் வந்தான், பின்னால் ஊர். கையில் குண்டான், சட்டி, சொம்பு என்று ஆளுக்கொன்று. பொன்னியம்மாளுக்கு மார்பு நிமிர்ந்தது. அகப்பையைத் தூக்கினாள்.

முதல் கஞ்சி கோவர்த்தனனுக்கு. வாங்கிக்கொண்டவன் அங்கேயே நின்றான். பின்னால் இருந்தவர்களும் வாங்கினார்கள், நின்றார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

"இன்னும் இன்னாடா?"

கோவர்த்தனன் குரல் இறங்கிப் போயிருந்தது. "அண்ணி... உப்பு இல்ல."

"அதான் போடலன்னு சொன்னேனே."

"இல்ல. எங்ககிட்ட இல்ல. உப்புப் பானை தரையிலதானே இருந்திச்சி? வெள்ளம் வந்திச்சே."

சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு முகத்திலும் அதே சேதிதான். உப்புப் பானையை உறியில் தொங்கவிடுகிறவர் யார்? அடுப்புப் பக்கம் தரையில்தான் இருக்கும். ஊருக்குள் நுழைந்த தண்ணீர் ஊர் உப்பை எல்லாம் கரைத்துக்கொண்டு போயிருந்தது. அவள் வீட்டு உப்பும் அப்படியே. நேற்று அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசியவளுக்கு இது தோன்றவே இல்லை! பச்சையப்பன் வெறும் கஞ்சியை ஒரு வாய் வைத்துப் பார்த்தான். பசி எரிகிற வயிற்றுக்கும் அது இறங்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது.

சிட்டிபாபு வாயைத் திறக்கவில்லை. உப்பு மூட்டையின் பக்கமும் பார்க்கவில்லை. அதற்காகவே பொன்னியம்மாளுக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

'தரையில் இருந்தது கரைந்தது. கரையாத உப்பு எங்கே இருக்கும்?'

"ஏய் சந்திரம்மா! கோடையில மாங்கா ஊறப் போட்டியே, அந்தச் சாடி எங்க?"

"பரண்மேல. வாய்க்குத் துணி கட்டி, மூடி, மெழுகி..."

"அதுல எவ்வளவு உப்பு கொட்டின?"

சந்திரம்மாவின் கண் விரிந்தது. "கொட்டாம? ஊறுகாய்க்குத் தாராளமாத்தானே போடணும்!"

"யார் உப்பு அது?"

"என் உப்பு!"

அவ்வளவுதான். கும்பல் கலைந்து ஓடியது. திரும்பி வந்தபோது ஊரே மணத்தது. மாங்காய், எலுமிச்சை, உப்பில் ஊறிச் சுருண்ட நார்த்தங்காய், மோரில் ஊறிக் காய்ந்த மிளகாய். ஒருத்தன் பெருமையாகக் கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பரணில் தப்பிய சாடிகள் எல்லாம் அடுப்பைச் சுற்றி வரிசைகட்டின. இல்லாதவர்களுக்கு இருப்பவர்கள் போட்டார்கள்.

"பச்சையப்பா, என் ஊறுகாய துன்னா என்னயும் உள்ளளவும் நினைக்கணும், தெரியுமில்ல?" என்றாள் சந்திரம்மா.

"உன் மாங்காய் காரத்துக்கு நாளைக்குக் காலைல கண்டிப்பா நினைப்பேன்."

அண்டா காலியாக ஆரம்பித்தது. பொன்னியம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நிற்கவில்லை. அப்போதுதான் ஜீப்பின் பக்கம் பார்வை போனது. சிட்டிபாபு அதில் சாய்ந்து நின்று, ஊர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவனின் பார்வை.

ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றி, மேலே ஒரு துண்டு நார்த்தங்காய் வைத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினார். கை தானாகவே சட்டியை வாங்கிக்கொண்டது. ஒரே மடக்கில் பாதி போனது. நார்த்தங்காயைக் கடித்துக் கண்ணை மூடினார்.

பச்சையப்பன் சும்மா இருப்பானா? "இன்ஸ்பெக்டர் சார்! இப்ப நீங்க எங்க உப்ப துன்னுட்டீங்க!"

கோவர்த்தனன் அவன் விலாவில் இடித்தான். சிட்டிபாபு மெதுவாக மென்று விழுங்கினார்.

"துன்னேன்" என்றார். "இன்னொரு துண்டு போடு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் அவர் பொன்னியம்மாளிடம் வந்தார். "அண்டா இங்கயே இருக்கட்டும். சத்தியவேடு ரோட்டுக்கு வேற பாத்திரம் தேடிக்கிறேன். கரை முடியற வரைக்கும் அரிசி வரும். ஆனா கரை முடியணும்மா. மேற்கொண்டு மழை இருக்குன்னு தந்தி வந்திருக்கு."

"முடியும்" என்றாள்.

வயிறு நிறைந்த ஊர் வேறு ஊர். அன்று பிற்பகலே உடைப்பில் ஆள் இறங்கியது. புயலில் சாய்ந்த பனைகளைத் துண்டு போட்டு உருட்டி வந்து, உடைப்பின் இரு விளிம்பிலும் நட்டார்கள். வைக்கோல் பிரியும் இலுப்பைத் தழையும் வைத்து நெருக்கினார்கள். பெண்கள் கூடையில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். நடவுக்கு வரிசை பிடிப்பதுபோலவே பொன்னியம்மாள் அவர்களை வரிசையாக நிறுத்தி, கைக்குக் கை கூடையை மாற்றவைத்தாள். கூலி கேட்பவர் இல்லை, நேரம் கேட்பவர் இல்லை. ஆனாலும் நடுவில் தண்ணீர் ஓடுகிற இடம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. கொட்டக் கொட்ட மண்ணைக் கரைத்துக் கொண்டுபோனது.

"மூட்டை கட்டித்தான் இறக்கணும்" என்றான் கோவர்த்தனன், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி. "சாக்குக்கு எங்க போறது?"

"கஞ்சி அரிசி வந்த சாக்கு அங்க கெடக்குதே."

கோவர்த்தனன் முகத்தில் பழைய யோசனை திரும்பியது. "சாக்கு அவங்களுது அண்ணி..."

"சாக்கயாடா துன்னப் போற?"

அவனே போய்ச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தான். மண் நிரப்பிய சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. கடைசி நான்கு சாக்குக்கு ஆண்கள் கைகோத்துத் தண்ணீரை மறித்து நிற்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் மழைக்கருக்கல் கிழக்கே திரண்டு நின்றபோது உடைப்பு வழி ஓடிய தண்ணீர் ஒரு கயிறாக மெலிந்து, ஒரு நூலாக மெலிந்து, நின்றது. யாரும் கத்தவில்லை. மேலே இன்னும் ஒரு ஆள் உயரத்துக்கு மண் ஏற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்றினார்கள். மாட்டை விட்டு மிதிக்கவைத்தார்கள்.

மழை வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் அடித்தது. விடிந்ததும் குடை தேடக்கூட நிற்காமல் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொன்னியம்மாள் ஏரிக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால் கோவர்த்தனன் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஏரி கரைக்கு மூன்று முழம் கீழே வரை நிரம்பி, அலை தட்டிக்கொண்டிருந்தது. மிச்சத் தண்ணீர், நிரம்பினால் வழிவதற்கென்று கல் கட்டி விட்ட கலங்கல் வழியாக ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. புதுக் கரையின் வெளிச்சரிவில் அவள் இறங்கி, அடிவாரத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். மழை ஈரம்தான். ஊற்று இல்லை.

"நிக்குது அண்ணி" என்றான் கோவர்த்தனன்.

"நிக்காம?"

"ஒண்ணு கேக்கணும். அந்த இன்ஸ்பெக்டரு நம்ம உப்ப துன்னாரே, எல்லைக்கார ஆபீசர்கிட்ட நமக்காக ஒரு வார்த்த சொல்லச் சொல்லலாமா?"

"போய்க் கேளு. கேக்கும்போது ஒரு சாடி நார்த்தங்காயும் எடுத்துக்கினு போ."

அவன் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தான். பொன்னியம்மாள் அவனை விட்டுவிட்டுக் கரைமேல் ஏறினாள். கீழே அவளுடைய ஒரு ஏக்கர் மணல் மூடித் தெரிந்தது. மணலை வழித்துக் கொட்ட வேண்டும். மடையைத் திருத்த வேண்டும். நாற்றங்காலுக்கு மேட்டு நிலம் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைத் திறந்து ஒரு குரல் கொடுத்தாள்:

"விதை நெல்லு நனையாம எவன் வீட்டுலடா இருக்குது?"

மூன்று வீட்டுக் கதவுகள் ஒன்றாகத் திறந்தன.